பேட்டரியில் பிளஸ் மைனஸ் மாறிவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் வண்டி எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். மார்கழி, தை மாதங்களில் தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழ ஆரம்பித்தால் காலையில் வண்டி எடுக்காது, பேட்டரியைக் கழற்றி மாட்டுவார்கள், பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து லீட் (பேட்டரிக்குப் பேட்டரி மாட்டும் கேபிள்) போடுவார்கள், அதுவும் இருட்டில், விரைத்த கையோடு. அப்புறம் எனக்கு போன் வரும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் பங்களாவுக்கு வந்து, கழற்றி வைத்திருந்த பேட்டரியைத் தாங்களே மாட்டுகிறவர்களும் இதே கதையோடு வருவார்கள். கேட்பது எல்லாமே ஒரே மாதிரி சந்தேகங்கள் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். 12 வோல்ட் கார், ஜீப், பிக்கப் வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. பைக்கும் லாரியும் பின்னால் வரும்.

அண்ணா, பேட்டரிய மாத்திக் குடுத்துட்டேன், டப்புனு நெருப்பு வந்துச்சு. இப்ப முதல்ல என்ன பண்ணணும்?

சாவியை எடுத்துவிட்டு, இரண்டு கிளாம்பையும் கழற்றுங்கள். பாடிக்குப் போகிற எர்த் ஒயரை முதலில் எடுங்கள், அதற்குப் பிறகு ஸ்பேனர் எதில் பட்டாலும் பொறி வராது. ஒயர் சூடாக இருந்தால் துணி பிடித்துக் கழற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ, உஸ் என்று சத்தம் வந்தாலோ கிட்டே குனியவே வேண்டாம், தள்ளி நில்லுங்கள். பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன், ஒரு பொறி போதும், வெடித்து ஆசிட் முகத்தில் அடிக்கும்.

"சரியா மாட்டி ஒரு தடவை செல்ஃப் அடிச்சுப் பார்ப்போமே" என்று மட்டும் போகாதீர்கள். ஐந்து நிமிடம் பொறுத்து கீழே சொல்கிற வரிசையில் பாருங்கள். இந்த மாதிரி கேஸ்களில் முதல் தப்பைவிட, அடுத்த பத்து நிமிடத்தில் பதற்றத்தில் செய்கிற வேலைதான் பெரிய செலவு வைக்கிறது.

ஒரு செகண்டுதான் பட்டுச்சு, சாவி கூட போடல. அதுக்கே போயிடுமா?

போகலாம். சாவி போடாவிட்டாலும் ஆல்டர்னேட்டரின் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது) தடித்த ஒயர் பேட்டரியோடு நேராகச் சேர்ந்தே இருக்கும். அதற்குள் இருக்கும் டயோடுகள் மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும்தான் விடும். சீசன் நேரத்தில் மேலே வருவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று ஒருவழி ஆக்குகிறார்களே, அந்த மாதிரி. பேட்டரி சரியாக இருக்கும்போது அவை பின்னோக்கி எதையும் விடுவதில்லை. மாற்றி மாட்டினால் பேட்டரிக்கு அதுவே திறந்த வழி ஆகிவிடும். நடுவில் தடுக்க எதுவும் இல்லாததால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே நொடியில் பாயும்.

அந்தப் பாய்ச்சலில் எது முந்திக்கொண்டு போகிறது என்பதுதான் உங்கள் அதிர்ஷ்டம். மெயின் ஃபியூஸ் முதலில் போனால் மற்றதெல்லாம் தப்பிக்கும். டயோடு முதலில் உருகினால் ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டி வரும். பெரும்பாலான வண்டிகளில் சேதம் இந்த இரண்டோடு நின்றுவிடும், அதனால் "வண்டியே போச்சு" என்று முடிவு கட்ட வேண்டாம்.

சரி, எதெல்லாம் தாங்கும், எதெல்லாம் போகும்?

சாதா பல்புக்குத் திசை கிடையாது, ஒன்றும் ஆகாது. ஹாரனும் ரிலேவும் பெரும்பாலும் தப்பிக்கும், ஆனால் சில ரிலேக்களுக்குள் சின்ன டயோடு இருக்கும், அது போகலாம். செல்ஃப் மோட்டாருக்கு அந்த ஒரு நொடியில் எதுவும் ஆவதில்லை.

கவலைப்பட வேண்டியது எலக்ட்ரானிக் சமாச்சாரங்களுக்குத்தான்: ஆல்டர்னேட்டர், ஈசிஎம் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி), எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங், ஏபிஎஸ், ஆடியோ செட், எல்இடி விளக்கு. இவற்றில் பலவற்றுக்கும் உள்ளேயே ஒரு காவல் டயோடு வைத்திருப்பார்கள். பிளஸ் மைனஸ் மாறினால் அது தானே ஷார்ட் ஆகி ஃபியூஸை எரித்துவிட்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். அதனால் எரிந்த ஃபியூஸைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது தன் வேலையைச் செய்திருக்கிறது.

சிவப்பு கருப்பு எல்லாம் போய் ரெண்டு ஒயரும் ஒரே கலரா இருக்கு. எது பிளஸ்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

பேட்டரியில் பிளஸ் முனை கொஞ்சம் தடியாக இருக்கும், மைனஸ் ஒல்லி. கிளாம்பும் அதற்கேற்ற அளவில்தான் இருக்கும். ஒரு கிளாம்ப் இறங்கவே மாட்டேன் என்கிறது, இன்னொன்று தொளதொளவென்று ஆடுகிறது என்றால் மாற்றிப் போடுகிறீர்கள் என்று அர்த்தம். அங்கேயே நிறுத்துங்கள், ஸ்க்ரூ டிரைவர் விட்டு அகலப்படுத்தி, தட்டி இறக்காதீர்கள்.

ஒயரைப் பொறுத்தவரை, பாடியிலோ இன்ஜினிலோ நேராக போல்ட் போட்டு முடிகிறது மைனஸ். செல்ஃப் மோட்டாருக்கும் ஃபியூஸ் பாக்ஸுக்கும் போகிறது பிளஸ். பேட்டரியில் சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டர் வையுங்கள், மைனஸ் குறியோடு எண் வந்தால் நீங்கள் பிளஸ் என்று நினைத்த முனை மைனஸ்.

புது பேட்டரி வாங்கும்போது பெயருக்குக் கடைசியில் எல் அல்லது ஆர் என்ற எழுத்து இருக்கும், முனைகள் எந்தப் பக்கம் என்பதை அது சொல்லும். பழையதில் இருந்த அதே எழுத்தை வாங்குங்கள். "அளவு ஒண்ணுதான் சார்" என்று கடைக்காரர் மாற்றிக் கொடுத்து, ஒயர் எட்டாமல், பேட்டரியைத் திருப்பி வைத்து, குழம்பிப்போய் வந்த கேஸ்கள் நிறைய.

பேட்டரி கெட்டுப் போயிருக்குமா?

பெரும்பாலும் இல்லை. தனியாகக் கழற்றி வைத்து அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் நல்ல சார்ஜ். 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்டுவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். முழுதாக சார்ஜ் போட்டும் 10.5-ஐத் தாண்டவில்லை என்றால் ஒரு செல் போய்விட்டது.

ஒரு விநோதம் உண்டு. அடியோடு காலியான பேட்டரியை சார்ஜரில் மாற்றிக் கொடுத்தால், அது தலைகீழாகவே சார்ஜ் ஆகிவிடலாம். மேலே பிளஸ் என்று எழுதியிருக்கும், மீட்டர் மைனஸ் காட்டும். அதைக் குறி பார்த்துச் சரியாக மாட்டினாலும் வண்டிக்குத் தப்பாகத்தான் போகும். ரொம்ப நாள் கிடந்த பேட்டரியை மாட்டும் முன் மீட்டர் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மெயின் ஃபியூஸ் எங்க இருக்கும்? எரிஞ்சிருக்கான்னு எப்படித் தெரியும்?

பானெட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பாக்ஸில், இல்லையென்றால் பிளஸ் கிளாம்பின் தலையிலேயே ஒரு சின்ன டப்பாவாக இருக்கும். வண்டிக்கு வண்டி 60 முதல் 120 ஆம்பியர் வரை வரும், சிலதில் அதற்கு மேலும். நிறைய வண்டிகளில் இது போல்ட் போட்டிருக்கும். பிடுங்கினால் வராது, ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும், சிலதில் அடியிலிருந்து. பலம் காட்டிப் பிய்த்து பாக்ஸையே உடைத்துவிடாதீர்கள். பழைய ஜீப்புகளில் ஃபியூஸுக்குப் பதில் உருகும் ஒயர் ஒரு துண்டு இருக்கும். வெளியே உறை நன்றாக இருக்கும், இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டால் உள்ளே கம்பி இல்லை.

கண்ணால் பார்ப்பதை முழுக்க நம்ப வேண்டாம், மல்டிமீட்டரில் பீப் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். மெயினைப் பார்த்த கையோடு மற்ற சின்ன ஃபியூஸ்களையும், டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற இரண்டாவது பாக்ஸையும் பாருங்கள், அதை மறந்துவிடுவார்கள். நிறம் வைத்தே அளவு தெரியும்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை.

ஃபியூஸ் கிடைக்கல, ஞாயித்துக்கிழமை வேற. கம்பி சுத்தி கடை வரைக்கும் ஓட்டிட்டு வரட்டுமா?

வேண்டாம். கம்பியும் வேண்டாம், சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாளும் வேண்டாம். உள்ளே டயோடு ஷார்ட் ஆகி இருந்தால் அடுத்து எரியப்போவது ஒயரிங். ஐம்பது நூறு ரூபாய் ஃபியூஸுக்குப் பதிலாக டாஷ்போர்டைக் கழற்றி ஒயரிங் கிட் மாற்றுகிற வேலை, சில சமயம் வண்டியே தீப்பிடிக்கும். திங்கள்கிழமை வரை நிற்கட்டும்.

புது ஃபியூஸ் போட்டேன், மாட்டின உடனே அதுவும் போச்சு. என்ன கோளாறு?

எங்கேயோ ஷார்ட் நிற்கிறது, முதல் சந்தேகம் ஆல்டர்னேட்டர். ஃபியூஸாகப் போட்டு எரித்துக்கொண்டே இருக்காதீர்கள், ஒரு பல்பு போதும். நல்ல ஃபியூஸ் ஒன்றைப் போட்டு மைனஸ் கிளாம்பை மட்டும் மாட்டிவிட்டு, 12 வோல்ட் 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் வைத்து, பேட்டரி பிளஸ்ஸுக்கும் வண்டியின் பிளஸ் கிளாம்புக்கும் நடுவில் பிடியுங்கள். சாவி போடக் கூடாது, கதவு மூடியிருக்க வேண்டும். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட். புது வண்டிகளில் முதலில் கொஞ்சம் எரிந்து பிறகு மங்கிவிடும், அது சகஜம், ஈசிஎம் மாதிரி எலக்ட்ரானிக் பெட்டிகள் விழித்துவிட்டுத் தூங்கப் போகின்றன. எவ்வளவு பெரிய ஷார்ட் ஆனாலும் பல்பு வழியாக 2 ஆம்பியருக்கு மேல் போகாது என்பதால் எதுவும் எரியாமல் நிதானமாகத் தேடலாம்.

இப்போது பேட்டரியை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் தடித்த ஒயரைக் கழற்றி, முனையை இன்சுலேஷன் டேப்பால் நன்றாகச் சுற்றி ஒதுக்கி வையுங்கள். மறுபடி பல்பைப் பிடியுங்கள். பல்பு அணைந்துவிட்டால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். அணையவில்லை என்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதை எடுக்கும்போது அணைகிறதோ அந்த லைனில்தான் ஷார்ட். அந்த ஃபியூஸின் மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

ஆல்டர்னேட்டர் போயிருக்குன்னு உறுதியா எப்படிச் சொல்றது? முழுசா மாத்தணுமா?

ஒயரைக் கழற்றிய அதே நிலையில் மல்டிமீட்டரை டயோடு குறியில் வையுங்கள். சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் போல்ட்டில், கருப்பை அதன் பாடியில் வைத்தால் எதுவும் காட்டக் கூடாது. மாற்றி வைத்தால் ஏறக்குறைய 0.8-லிருந்து 1 வரை காட்டும், இரண்டு டயோடு வரிசையாக இருப்பதால். இரண்டு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட்.

முழு ஆல்டர்னேட்டர் தேவையில்லை. டயோடு பிளேட் தனியாகக் கிடைக்கும், ரெகுலேட்டரையும் (சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்துவது) கூடவே பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் அடி வாங்கியிருக்கலாம். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகி நாற்றம் வந்தால் மட்டும் முழுசாக மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.

டீசல் வண்டிக்காரர்கள் இதைக் கவனியுங்கள். பழைய டீசல் ஜீப், பிக்கப் பலவற்றில் பிரேக்குக்கான வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். "ஆல்டர்னேட்டர்தானே போச்சு, பெல்ட்டைக் கழட்டிட்டு மெதுவா இறங்கிடலாம்" என்று கிளம்பினால் ஒன்றிரண்டு மிதிக்கு மேல் பிரேக் கல்லாகிவிடும். கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. ஒயரை மட்டும் கழற்றுங்கள், பெல்ட்டைத் தொடாதீர்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆகுது, ஆனா பேட்டரி லைட் அணையவே இல்ல. மேட்டுப்பாளையம் வரைக்கும் இறங்கிடலாமா?

சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும், 12.5-இல் நின்று குறைந்துகொண்டே போனால் வண்டி பேட்டரியைத் தின்றுகொண்டு ஓடுகிறது.

கணக்கு சொல்கிறேன். சின்னக் காரின் பேட்டரி 35 ஆம்பியர் ஹவர். ஹெட்லைட் இரண்டுக்கும் 9 ஆம்பியர், பெட்ரோல் பம்ப், ஈசிஎம், இக்னிஷன், வைப்பர் எல்லாம் சேர்த்தால் 20 பக்கம் வரும். காகிதத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம், உண்மையில் அதில் பாதியை நம்பினாலே அதிகம். பேட்டரி குளிர்ந்திருந்தால் இன்னும் குறையும். ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் ஐம்பது கிலோமீட்டர் சுமார். வெயில் நேரத்தில், முழு சார்ஜ் பேட்டரியோடு, விளக்கு போடாமல், எலக்ட்ரிக் ஸ்டீயரிங் இல்லாத வண்டி என்றால் போகலாம் என்பேன். மூடுபனியில், சாயங்காலத்தில், கூடாது. வழியில் விளக்கு மங்கி வண்டி நின்றால் பர்லியாறு வளைவில் ஒதுக்க இடம் இருக்காது. இவ்வளவுக்கும் டயோடு ஷார்ட் இல்லை என்று முந்தைய கேள்வியில் சொன்னபடி பார்த்திருக்க வேண்டும்.

ஸ்டார்ட்டே ஆகல. ஈசிஎம் போச்சுன்னு மெக்கானிக் சொல்றார், நம்பலாமா?

சோதித்துப் பார்த்துச் சொன்னாரா, வாயால் சொன்னாரா என்று கேளுங்கள். சாவி போட்டதும் செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா? ஸ்கேனர் (கோளாறு படிக்கும் கருவி) போட்டால் ஈசிஎம் பேசுகிறதா? பேசினால் அது உயிரோடு இருக்கிறது, கோளாறு வேறு எங்கோ. பேசவில்லை என்றாலும் உடனே தீர்ப்பு எழுத முடியாது. ஈசிஎம்முக்கு வரும் ஃபியூஸ், மெயின் ரிலே, எர்த் மூன்றையும் பார்க்க வேண்டும். ஈசிஎம் சாக்கெட்டில் 12 வோல்ட்டும் எர்த்தும் சரியாக வந்தும், சென்சார்களுக்குப் போகிற 5 வோல்ட் வரவில்லை என்றால் அப்போது சந்தேகிக்கலாம்.

அப்போதும் நான் மேலே சொன்ன காவல் டயோடு மட்டும் போயிருக்க வாய்ப்பு உண்டு. கோவையில் ஈசிஎம் பலகை வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் ஒரு தடவை காட்டிவிட்டுப் புதியதற்குப் பணம் கட்டுங்கள். பழைய வண்டியிலிருந்து கழற்றியதை வாங்கினால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் இருப்பதால் உங்கள் சாவியோடு சேராது, அதைச் சேர்த்துத் தருகிறவர் யார் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஓடுது சார், ஆனா ஸ்டீயரிங் கல்லு மாதிரி இருக்கு, ஏபிஎஸ், ஏர்பேக் லைட்டெல்லாம் எரியுது.

ஸ்டீயரிங்குக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் தனித்தனிப் பெரிய ஃபியூஸ் உண்டு, மெயின் பக்கத்திலேயே இருக்கும், அதைப் பார்த்தீர்களா? பேட்டரி கழன்றதாலேயே சில விளக்குகள் எரியும், கொஞ்ச தூரம் ஓட்டி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்தால் அணைந்துவிடும். அணையவில்லை என்றால் ஸ்கேனர்தான்.

ஏர்பேக் ஒயர்கள் பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும். அதில் டெஸ்ட் லேம்ப் வைக்காதீர்கள், பை வெடித்து விரிய அந்தக் கரண்டே போதும். ஸ்டீயரிங் உதவியில்லாமல் சமவெளியில் சமாளிக்கலாம், மலைப்பாதையில் ஓட்ட வேண்டாம்.

பாட்டு மட்டும் பாடல.

செட்டின் முதுகில் ஒரு ஃபியூஸ் இருக்கும், 10 அல்லது 15. அதை மாற்றினால் பெரும்பாலும் பாடும். பிற்பாடு மாட்டிய எல்இடி ஃபாக் லைட், டேஷ் கேமரா, ஜிபிஎஸ் எல்லாவற்றையும் பாருங்கள், ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்தே நேராக ஒயர் இழுத்திருந்தால் அவை போயிருக்கும்.

லீட் போடும்போது கேபிள மாத்திப் புடிச்சுட்டோம். யாரு வண்டி போகும்?

இரண்டு பேட்டரியும் வரிசையில் சேர்ந்து 24 வோல்ட்டாகி, கேபிள் வழியாகவே சுற்றி வரும், கேபிள் பழுக்கும். வலுவில்லாத பேட்டரி, அதாவது படுத்துக் கிடந்த வண்டியுடையது, தலைகீழாக இழுக்கப்படும் என்பதால் அந்த வண்டிக்குத்தான் அடி அதிகம். ஆனால் உதவ வந்தவர் வண்டியின் மெயின் ஃபியூஸையும் ஆல்டர்னேட்டரையும் சேர்த்துப் பாருங்கள், நன்றிக்கடன் அது.

சரியான வரிசை: சிவப்பு முதலில் படுத்த வண்டியின் பிளஸ், அப்புறம் நல்ல வண்டியின் பிளஸ், கருப்பு நல்ல வண்டியின் மைனஸ், கடைசி முனை படுத்த வண்டியின் இன்ஜின் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. லாரியிலிருந்து லீட் போடுவதாக இருந்தால் அதில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி சேர்ந்து 24, ஒரு பேட்டரியின் இரண்டு முனையில் மட்டும் பிடிக்க வேண்டும்.

எஸ்டேட்ல ரொம்பப் பழைய வண்டி ஒண்ணு நிக்குது, அதுல பிளஸ்தான் பாடிக்குப் போகுது. யாரோ தப்பா மாத்தியிருக்காங்களா?

இல்லை, அது அப்படியேதான். 1960-கள் வரை வந்த பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பிளஸ்தான் எர்த். நான் மேலே சொன்ன "பாடிக்குப் போகிறது மைனஸ்" இதற்குப் பொருந்தாது. திருத்துகிறேன் என்று மாற்றிவிடாதீர்கள். ஆல்டர்னேட்டர் இல்லாமல் டைனமோ (சார்ஜ் ஏற்றும் பழைய கால ஜெனரேட்டர்) உள்ள வண்டியில் டயோடு கிடையாது, அதனால் மாற்றி மாட்டினாலும் உடனே எதுவும் எரியாமல் போகலாம், ஆனால் டைனமோவின் காந்தம் திசை மாறி, கட் அவுட்டின் (டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் ரிலே) முனைகள் கருகும். பேட்டரியைச் சரியாக மாட்டிய பின் டைனமோவின் எஃப் முனையில் இருக்கும் ஒயரைக் கழற்றி, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு ஒயரை அந்த முனையில் பட்டும் படாமல் இரண்டு மூன்று முறை தொட்டால் காந்தம் பழையபடி வரும். பெரியவர்கள் யாராவது இருந்தால் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பைக், ஸ்கூட்டர்?

அதே கதை, சின்ன அளவில். பைக் பேட்டரியில் இரண்டு முனையும் ஒரே மாதிரி போல்ட் நட்டு, தடிமன் பார்த்துத் தப்பிக்க முடியாது. முதலில் பேட்டரி பக்கத்து ஃபியூஸ், அடுத்து ரெக்டிஃபையர் ரெகுலேட்டர், பைக்கில் பேட்டரி சார்ஜைப் பார்த்துக்கொள்கிற பெட்டி அது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டிகளில் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்ஷன், அதற்கு ஈசிஎம் உண்டு, அதை ஈசிஎம் கேள்வியில் சொன்னபடியே பாருங்கள்.

இன்சூரன்ஸ்ல வாங்க முடியுமா?

ஓன் டேமேஜ் (நம் வண்டியின் சேதத்துக்கான) பாலிசியின் வழக்கமான வாசகத்தில் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பழுது சேராது என்று போட்டிருப்பார்கள், அதனால் ஆல்டர்னேட்டருக்கோ ஈசிஎம்முக்கோ கிடைப்பது கஷ்டம். வண்டி தீப்பிடித்தால் அது வேறு, தீ விபத்து பாலிசியில் உண்டு. வாரன்டியும் பொதுவாக நம் கைத்தப்புக்குக் கிடையாது.

எல்லாம் சரி பண்ணி நல்லா ஓடிட்டிருந்துச்சு. இப்ப ரெண்டு நாள் நிறுத்தினா காலைல பேட்டரி டவுன். குளிர்னால்தானே?

எல்லாரும் குளிர் தலையில்தான் போடுகிறார்கள். குளிரில் பேட்டரி வலு குறையும், இன்ஜின் ஆயிலும் கெட்டியாகும், உண்மைதான். ஆனால் பிளஸ் மைனஸ் மாறிய வரலாறு உள்ள வண்டி என்றால் முதலில் டயோடைச் சந்தேகியுங்கள். முழுதாக ஷார்ட் ஆகாமல் அரைகுறையாகச் செத்த டயோடு, வண்டி நிற்கும்போது பேட்டரியைக் கசியவிடும். சார்ஜ் 14 வோல்ட் காட்டும், எல்லாம் சரி என்று அனுப்பிவிடுவார்கள்.

இரண்டு சோதனை. இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரியில் பிடியுங்கள், 0.5-க்கு மேல் காட்டினால் டயோடு சரியில்லை. அடுத்தது, வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து, மைனஸ் ஒயரைக் கழற்றி அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வையுங்கள். கழற்றி மாட்டியதில் பெட்டிகள் விழித்திருக்கும், அடங்கும் வரை பொறுத்து எண்ணைப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியர் வரை பரவாயில்லை. அதற்கு மேல் இருந்தால் மீட்டரை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் ஒயரைக் கழற்றி டேப் சுற்றுங்கள், பிறகு மறுபடி அளங்கள். எண் சட்டென்று இறங்கினால் டயோடு பிளேட்டை மாற்றுங்கள், புது பேட்டரி வாங்க வேண்டாம்.